நான்காவது பாலைவனம்

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பக்கத்து மேசையில் நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். ஜெர்மனியில் இந்த எர்லாங்கனுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். ஈஸ்டர் விடுமுறைக்குக் கார் எடுத்துக்கொண்டு பாலைவனம் பார்க்கப் போக வேண்டுமாம், கையைக் கடிக்காத செலவில். மொராக்கோவா ஸ்பெயினா என்று சண்டை. நடுவில் மடிக்கணினி திறந்து கிடந்தது. அதில் ஓர் அட்டவணை. தூரம், விசா, பெட்ரோல், கூடாரம் போட இடம், ஏப்ரல் வெயில் என்று கட்டம் கட்டமாகப் போட்டு வண்ணம் வேறு அடித்திருந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இதை யாரும்மா போட்டது?" என்று கேட்டேன்.

"நான்தான் மேம்," என்றாள் ஒரு பெண். நாலு பேரில் அவள் ஒருத்திதான் பெண்.

"கார்ல எத்தனை சீட்டு?"

"அஞ்சு. ஏன் மேம்?"

"உன் பேர்ல புக் பண்ணு. சாவிய நீ வாங்கு. வேற யார்கிட்டயும் குடுக்காத."

சொன்ன வேகம் எனக்கே அதிகமாகப் பட்டது. பையன்கள் மூவரும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தட்டைக் கவனிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எந்தத் தப்பும் இல்லை. என் கோபத்துக்குப் பன்னிரண்டு வயது. அது செத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் இதே ஊரில் ஆராய்ச்சி மாணவி. பீங்கான் பொடிகளை அச்சில் அழுத்தி உலையில் சுட்டு, உடைத்துப் பார்த்து, மறுபடி சுடுவது வேலை. வேலை முழு வேலை, சம்பளம் அரை வேலைச் சம்பளம். இங்கே முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் பலருக்கும் அதுதான் தலையெழுத்து, யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் ஆய்வகத்தில் தமிழர்கள் மூன்று பேர்: நான், செந்தில், பிரதீப். செந்தில் எனக்கு ஒரு வருடம் மூத்தவன். அவனிடம் ஜெர்மன் ஓட்டுநர் உரிமம் இருந்தது. விரல் நீளத்துக்கு ஓர் அட்டை. அது ஒன்றை வைத்துக்கொண்டே எங்களுக்குத் தலைவனாகியிருந்தான்.

அந்த வருடம் குளிர் மார்ச் வந்தும் விடவில்லை. ஆய்வகச் சமையலறையில் ஜன்னலுக்கு வெளியே ஈரப் பனி விழுவதைப் பார்த்துக்கொண்டே செந்தில் சொன்னான், "ஈஸ்டருக்கு நாலு நாள் லீவு. எங்கயாச்சும் பாலைவனத்துக்குப் போயி காயணும்டா." பிறகு என் பக்கம் திரும்பினான். "உங்க ஊர்ப்பக்கம் தேரிக்காடுதான? உனக்குத்தான் மணலப் பத்தித் தெரியும். நீயே நல்லதா ஒண்ணு தேடு."

எனக்குச் சாத்தான்குளம் பக்கம். செம்மணல் மேடும் உடைமரமும் முந்திரியுமாகக் கிடக்கும். அதைப் போய்ப் பாலைவனம் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் சண்டைக்கு வருவார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை. சொல்லப்போனால் பெருமைப்பட்டேன். ஒரு வேலையை நம் தலையில் கட்டும்போது 'உனக்குத்தான் தெரியும்' என்ற நாலு அட்சதையைப் போட்டுக் கட்டினால் சுமப்பதற்கு நான் எப்போதும் தயார்.

ஐந்து வாரம் தேடி ஓர் அட்டவணை போட்டேன். முதல் வரிசையில் மொராக்கோ. விமானம் மலிவு, மணல் மேடு உண்மையான மணல் மேடு, ஒட்டகம் உண்டு. ஆனால் அப்போது நம் பாஸ்போர்ட்டுக்கு விசா வாங்க பெர்லின் போக வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, திரும்பி வருவேன் என்று பேராசிரியர் கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் வேண்டும். என் பக்கத்து மேசை ஜெர்மன்காரி பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாளே கிளம்பிவிடலாம். நான் மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன் என்பதற்கு ஒரு பேராசிரியர் சாட்சி சொல்ல வேண்டும்! மொராக்கோவைக் கோடிட்டு அடித்தேன்.

இரண்டாவது தெற்கு ஸ்பெயினில் தபெர்னாஸ். ஈஸ்டர் வாரத்துக்கென்றே விமானக்காரர்கள் விலையை ஏற்றி வைத்திருந்தார்கள். காரில் போனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள், பாலைவனத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்ட வேண்டியதுதான். அதையும் அடித்தேன். மூன்றாவது வட ஸ்பெயினில் பார்தேனாஸ். வியாழன் சாயங்காலம் கிளம்பி விடாமல் ஓட்டினால் மறுநாள் பின்னேரம் போய்விடலாம். பிரான்சில் சுங்கம் கட்டாமல் போகிற கிராமத்துப் பாதைகளைக் கண்டுபிடித்தேன். கூடாரம் போடுகிற இடத்துக்காரருக்கு இயந்திர மொழிபெயர்ப்பில் ஸ்பானிய மடல் எழுதி இடம் பிடித்தேன். எந்த ஊரில் பெரிய வெள்ளியன்றும் ரொட்டிக் கடை திறந்திருக்கும் என்பதுவரை அட்டவணையில் இருந்தது.

ஊரில் அம்மாவுக்குச் சொன்னபோது, "எட்டி, பெரிய வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போவாம ஊரு சுத்தவா போற?" என்று கேட்டாள். ஆண்டவரே நாற்பது நாள் வனாந்தரத்தில்தானே இருந்தார் என்று சொல்லிச் சமாளித்தேன். அவ்வளவு ஆசை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அதே சமையலறை. செந்தில் கோப்பையைக் கழுவியபடி, முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"தப்பா எடுத்துக்காத. பிராங்பேர்ட்லேருந்து என் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வர்றாங்க. பசங்களாப் போறோம். டென்ட்ல வேற தங்கணும். நீ வந்தா எல்லாருக்கும் ஒரு மாதிரி இருக்கும்."

"டென்ட் போட இடம் புடிச்சது யாரு?"

"நீதான். இல்லன்னு சொல்லல."

"கார்ல அஞ்சு சீட்டு இருக்கே."

"சீட்டு விஷயம் இல்ல. உனக்கே புரியும். உங்க வீட்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

எங்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று இவனுக்கு என்ன கவலை? ஐந்து வாரமும் வராத கவலை? பிரதீப் குளிர்பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தான். அதற்குள் அப்படித் தேட எதுவும் கிடையாது. வாசல்வரை போன செந்தில் திரும்பி வந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று நினைத்தேன்.

"அந்த ஷீட்டுக்கு எங்க எல்லாருக்கும் எடிட் ஆக்சஸ் குடுத்துடுறியா?"

கொடுத்தேன். வாயைத் திறக்காமல், நாலு மின்னஞ்சல் முகவரிகளையும் எழுத்துப்பிழை சரிபார்த்துச் சேர்த்துக் கொடுத்தேன். என்னை விட்டுவிட்டுப் போனதைவிட அதுதான் நெடுநாள் அறுத்துக்கொண்டிருந்தது.

மதியம் பல்கலைக்கழகத்து உணவகத்துக்கு, இங்கே மென்சா என்பார்கள், போனேன். எச்சில் தட்டுகள் நகர்ந்து போகிற பட்டையின் அந்தப் பக்கம் யோகா அக்கா நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், இருபது வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருக்கிறவர். வாரநாளில் மென்சாவில் வேலை. சனி ஞாயிறுகளில் பிறந்தநாள், பூப்புனித விழாக்களுக்கு மீன் அடைத்துப் பொரித்த ரோல்ஸும் வடையும் செய்து தன் பழைய வேனில், அவர் சொல்லில் வானில், கொண்டுபோய்க் கொடுப்பார். தொடாத தட்டை நான் வைத்ததைப் பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ளை, முகம் பொங்கிப்போய்க் கிடக்குது?"

பின்னால் வரிசை நிற்பதைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா தட்டுகளை உருவியபடியே கேட்டார்.

"விசர்ப் பெடியள். அவங்கள் போகட்டும். பாலைவனம் பாக்க ஸ்பெயினுக்கோ போகோணும்? இந்த நாட்டிலையே ஒண்டு கிடக்குது."

"ஜெர்மனியிலயா? சும்மா சொல்லாதீங்க அக்கா."

"ஓம் பிள்ளை. கிழக்கை, பிராண்டன்புர்க்கிலை. எனக்கு அதிலை ஒரு பழைய கோவமும் கிடக்குது. என்னட்டை வான் நிக்குது, நாலு நாள் லீவு. வாறியோ?"

தேடிப் பார்த்தேன். இருந்தது. லீபரோஸ என்கிற சிற்றூரின் பக்கத்தில், பல பத்தாண்டுகள் சோவியத் ராணுவம் பீரங்கி வண்டி ஓட்டிப் பழகிய இடம். மரம் முளைக்க விடாமல் உழுது உழுது நிலம் மணலாகவே நின்றுவிட்டது. படத்தில் பார்த்தால் நம் ஊர் விளையாட்டு மைதானம் மாதிரிதான் இருந்தது. மனசு ஒப்பவில்லை. ஆனால் விசா இல்லை, சுங்கம் இல்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். எங்கள் அட்டவணைக்கு வெளியே, நான்காவது வரிசை.

பெரிய வெள்ளி காலையில் கிளம்பினோம். அந்த வானுக்குள் ஏறியதும் பொரித்த எண்ணெய், கறிவேப்பிலை, மீன் ரோல்ஸ் மூன்றும் கலந்து மூக்கில் ஏறும். எத்தனை கழுவியும் இருக்கையிலிருந்து போகாத வாசனை. இன்றும் ரோல்ஸ் பொரிகிற இடத்தில் நின்றால் எனக்கு அந்த நெடுஞ்சாலைதான் கண்முன் வரும். ஹோஃப் தாண்டி, கெம்னிட்ஸ் நோக்கிப் போகையில் வழியோரம் நிறுத்தி ரோல்ஸ் சாப்பிட்டோம். அப்போதுதான் கைபேசியைத் திறந்து, நாலு முகவரிகளையும் ஒவ்வொன்றாக அந்த அட்டவணையிலிருந்து நீக்கினேன். திட்டமிட்டதெல்லாம் இல்லை. கை தானாகப் போனது.

ஒரு மணி நேரத்தில் செந்தில் கூப்பிட்டான். பிரான்சின் தெற்கே ஏதோ கிராமத்துச் சந்தியில் நிற்கிறார்களாம்.

"ஷீட் ஓபன் ஆக மாட்டேங்குது. கேம்ப்சைட் அட்ரஸ் அதுலதான இருக்கு? ரோமிங் வேற ஓடுது."

செந்தில் என்று அக்காவிடம் வாயசைத்தேன். அக்கா ஒரு கையை நீட்டிக் கைபேசியை வாங்கினார்.

"தம்பி, அந்தப் பிள்ளை பாலைவனத்திலை நிக்குது. அங்கை சிக்னல் இல்லை. பிறகு எடுங்கோ."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திருப்பிக் குடுக்கப் போறியோ?"

"மாட்டேன்."

"குடுக்காதை," என்று வண்டியின் வேகத்தைக் கூட்டினார். மீதி வழியெல்லாம் இரண்டு பேரும் நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

டிரெஸ்டன் தாண்டியதும் அக்காவின் பேச்சு குறைந்தது. சாலை ஓரத்தில் பைன் மரங்கள் அடர்ந்தன. ஒரு திருப்பத்தில் மஞ்சள் பூசிய நீளக் கட்டடம் ஒன்றைக் காட்டினார்.

"இதுதான். தொண்ணூறுகளிலை எங்களை முதன்முதல் கொண்டுவந்து விட்ட அகதி ஹைம். முப்பது பேர் சமைக்க ஒரு குசினி. ஆமிக்காரனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள். வந்து படுத்தால் விடிய வெள்ளனக் குண்டுச் சத்தம். கட்டிலுக்குக் கீழை போய்ப் படுத்தன். 'அது ரஸ்ய ஆமி, போக முன்னம் சுட்டுப் பழகுது, பயப்படாதை' எண்டு சொல்லிச்சினம். எங்கை எண்டு போய்ப் பாப்பம் எண்டால், ஏலாது. அகதி மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாதாம், தாண்டினால் தண்டம். சத்தம் மட்டும் எல்லை தாண்டி எங்கடை அறைக்குள்ளை வரலாம்!"

அதுதான் அந்தப் பழைய கோபம். அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுப் பாதையில் நடந்தோம். அரை மணி நேரம் பைன் மரங்களைத் தவிர ஒன்றும் இல்லை. இதற்கா வந்தோம் என்று நான் முணுமுணுக்கத் தொடங்கியபோது மரங்கள் சட்டென்று நின்றன. முன்னால் வெறும் வெளி. சாம்பல் வெள்ளை மணல், அதில் திட்டுத் திட்டாகக் காய்ந்த புல், வெகு தூரத்தில் மறுபடியும் மரக்கோடு. காற்று மணலை இழுத்துக்கொண்டு போகிற சத்தம்கூடக் கேட்டது. ஒட்டகம் இல்லாவிட்டால் என்ன, அது பாலைவனம்தான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அக்கா மணலைப் பார்க்கவில்லை. பாதையோரத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிருக்கு ஆபத்து, மண்ணுக்குள் வெடிபொருட்கள் உள்ளன, பாதையை விட்டு விலகாதீர்கள் என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது.

"எங்கடை ஊரிலையும் இதே பலகைதான்," என்றார். "மண்டையோட்டுப் படம் ஒண்டு மட்டும் கூட. காங்கேசன்துறைப் பக்கம் எங்கடை வீடு. தொண்ணூறிலை ஓடினனாங்கள். ரெண்டு நாளிலை வரலாம் எண்டு அடுப்பிலை பானையை வைச்சிட்டு ஓடினனாங்கள். சண்டை முடிஞ்சு இத்தினை வருசம், இன்னும் ஆமிதான் இருக்குது. பாதுகாப்பு வலயமாம்."

அதுவரை மெதுவாகப் பேசியவர், பலகையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"பார் பிள்ளை! கண்ணுக்கெட்டின தூரம் பார்! இவ்வளவு இடத்தை விட்டிட்டு ரஸ்ய ஆமி எழும்பிப் போயிட்டுது. உலகத்திலை பெரிய ஆமி போயிட்டுது. எங்கடை நாலு பரப்புக் காணியை விட எங்கடை நாட்டு ஆமிக்கு ஏலாதாம்! நாலு பரப்பு! இதுக்குள்ளை ஒரு மூலைக்கும் காணாது!"

நாலு பரப்பு என்றால் நம் கணக்கில் கால் ஏக்கர். அந்தச் சத்தத்துக்குப் பாதையில் ஒரு ஜெர்மன் பெரியவர் வந்தார், கழுத்தில் தொலைநோக்கியோடு. அந்தப் பக்கம் வருகிற ஓநாய்களைக் கணக்கெடுக்கிற தன்னார்வலர் என்று சொல்லிக்கொண்டார். ஏதும் உதவி வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டார்.

அக்காவின் ஜெர்மன், மென்சாச் சமையலறையில் கற்ற ஜெர்மன். இலக்கணம் முன்பின் இருக்கும், எதிரில் நிற்பவர் மட்டும் தப்ப முடியாது.

"இந்த நிலம் இப்போது யாருடையது?" என்று கேட்டார்.

"இயற்கையுடையது," என்றார் பெரியவர், பெருமையாக. "மனிதர்கள் தலையிடாமல் விட்டுவிட்டோம். இன்னும் சில பத்து வருடத்தில் எல்லாம் காடாகிவிடும்."

"இயற்கை எந்த அலுவலகத்தில் மனுக் கொடுத்தது?"

அவருக்குப் புரியவில்லை.

"நான் இருபது வருடமாக மனுக் கொடுக்கிறேன். இயற்கைக்கு எந்த அலுவலகத்தில் கிடைத்தது? எனக்கும் அந்த விலாசம் வேண்டும்."

நான் இடையில் புகுந்து விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிவந்துபோய் அது எந்த ஊர், எப்போது நடந்தது என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா பலகையைத் தாண்டி மணலுக்குள் நடந்துவிட்டார்.

பெரியவர் நில்லுங்கள் என்று கத்தினார். நான் "அக்கா" என்றேன், அதுகூடச் சத்தமாக வந்திருக்காது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன் என்று எழுத ஆசைதான். என் கால் அசையவில்லை. பாதை முடிகிற இடத்தில் ஒரு விரல்கூட வெளியே போகாமல் நின்றேன். அக்கா பத்துப் பன்னிரண்டு எட்டு போய் நின்றார். இடுப்பில் கையை வைத்து அந்த வெளியைப் பார்த்தார். காற்றில் அவருடைய பச்சைக் குளிர்ச்சட்டை படபடத்தது. பிறகு திரும்பி, தன் காலடித் தடங்களைக் குனிந்து பார்த்து, ஒவ்வொன்றிலும் சரியாகப் பாதத்தை வைத்து வைத்து வந்தார். வேகமில்லை, பிசகில்லை.

பாதையில் ஏறியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அருகில் விழுந்து கிடந்த மரத்தில் உட்காரவைத்தேன்.

"ஒருக்கா வீட்டிலை சாமான் எடுக்க அப்பாவோடை களவாத் திரும்பிப் போனனான்," என்றார். "அவர் கால் வைச்ச இடத்திலைதான் நானும் வைச்சனான். கால் மறக்கேல்லைப் பார்."

பெரியவர் தன் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அக்கா வாங்கிக் குடித்தார். அவரைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் கட்சியும்.

ஈஸ்டர் முடிந்து ஆய்வகத்துக்கு வந்தால் செந்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். விலாசம் தெரியாமல் இரவு முழுவதும் ஐந்து பேரும் காரிலேயே உட்கார்ந்து தூங்கினார்களாம். நாலு பேருக்கு முகவரி கொடுத்தவனுக்குக் கடைசியில் ஐந்தாவதாக வேறொருவன் கிடைத்திருக்கிறான், ஐந்தாவது சீட்டு காலியாக இல்லை. "நீ இப்படிப் பண்ணுவேன்னு எதிர்பார்க்கல. ரொம்பச் சின்னப்புத்தி," என்றான். ஐந்து வாரம் ஒருத்தியை உழைக்கவிட்டுக் கழற்றிவிட்டது பெரிய புத்தி!

"அது என் ஷீட்டு செந்தில்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதன்பின் ஆறு மாதம் ஒரே அறையில் ஓர் உலையைப் பங்கு போட்டுக்கொண்டு பேசாமலே இருந்தோம்.

அந்த உலை இப்போது இல்லை. கட்டடத்தையே இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். செந்தில் கனடாவில் இருப்பதாகக் கேள்வி. அக்காவின் வான் ஒரு குளிர்காலத்தில் நின்றதோடு சரி, இரும்பு விலைக்குப் போனது. இரண்டு வருடம் முன்பு என் மகளை அழைத்துக்கொண்டு லீபரோஸப் பக்கம் போனேன். அந்தப் பெரியவர் சொன்னதைவிட வேகமாக நடந்திருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் இளம் பைன் கன்றுகளும் வெள்ளைப் பட்டை பிர்ச் கன்றுகளும் தோளுயரம் வந்துவிட்டன. மணல் தெரிய வேண்டுமென்றால் கிளையை விலக்க வேண்டும். மகள் பாலைவனம் எங்கே என்று கேட்டாள்.

அக்காவின் ஊரில் ஒரு பகுதிக் காணிகளை ராணுவம் ஒருநாள் விட்டுக்கொடுத்தது. கால் நூற்றாண்டு கழித்து. செய்தி வந்த வாரமே மென்சாவில் விடுப்புச் சொல்லிவிட்டு அக்கா பறந்தார். போய்ச் சேர்ந்த அன்றே அங்கிருந்து கூப்பிட்டார்.

"அக்கா, வீடு எப்படி இருக்கு?"

"வீடோ? இடிச்சு வழிச்சுப் போட்டாங்கள் பிள்ளை. கிணத்தையும் மூடிப்போட்டாங்கள். வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, எல்லைக்கல்லு இல்லை. எல்லாம் ஒரே முள்ளுப் பத்தை. அயலட்டைச் சனம் முழுக்க வந்து நிக்குது. ஒருத்தருக்கும் தங்கடை காணி எதெண்டு தெரியேல்லை. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஒரே இடத்தைக் காட்டி இது என்ரை, இது என்ரை எண்டு சண்டை பிடிச்சுப் போட்டம்."

பின்னால் ஆட்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. 

"இப்ப என்ன செய்றீங்க அக்கா?"

"வெயிலுக்கை நிக்கிறம். அளக்கிற ஆள் வருமட்டும் ரெண்டு பேரும் அந்த இடத்திலையே நிக்கிறம். விட்டிட்டுப் போக ஏலாது பிள்ளை."